ஈயப் பற்றில் ஒளிந்திருந்த விரிசல்

2014-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் விடியற்காலையில், இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட ஏர் ஏசியா விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 162 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வழியில் புயல்மேகங்கள் திரண்டிருந்தமையால் அவற்றின்மீதே பலரும் முதலில் ஐயம் கொண்டனர். ஆனால் 2015 டிசம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை, மின்சுற்றுப் பலகை ஒன்றின் ஈயப் பற்றைச் சுட்டிக்காட்டியது.

மாணவ நண்பர்களே, விமானம் விரைந்து பறக்கும்போது வாலிலுள்ள சுக்கான் அளவுக்கு மிஞ்சித் திரும்பினால் வால் முறியக்கூடும். அதற்கு எல்லை வகுக்க ஒரு கருவி உண்டு. அக்கருவியின் பலகையில்தான் விரிசல் கண்டிருந்தது. ஒரு வழி கெட்டால் மற்றொன்று உதவட்டும் என்று இரண்டு வழிகள் அமைத்திருந்தும், இரண்டிலும் விரிசல்!

தரையில் வெப்பம், வானில் கடுங்குளிர். மின்சாரம் பாய்ந்தால் சூடு, நின்றால் குளிர்ச்சி. பலகையும் உலோகமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அந்த இழுபறியில் மென்மையான ஈயக் கலவை நாளடைவில் களைத்து வெடிக்கிறது. வெடித்த முகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்கும் வரை மின்சாரம் பாயும். மயிரிழை விலகினால் அறுபடும். மீண்டும் தொட்டால் பழுதே இல்லாததுபோல் தோன்றும்.

அவ்விமானத்தில் ஓராண்டிற்குள் 23 முறை இப்பழுது பதிவாகியிருந்தது. வரவர இடைவெளியும் குறைந்து வந்தது. அவ்வப்போது சரிசெய்தவர்களைக் குறைகூறுவதைவிட, அந்த 23 பதிவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்க ஒருவர் இல்லாமற் போனதையே பெருங்குறையாகக் கருதுகிறேன். இறுதிப் பயணத்திலும் எச்சரிக்கை மூன்று முறை எழ, விமானிகள் விதிப்படி நடந்தனர். நான்காம் முறை எழுந்தது வேறு வகை: மின்னிணைப்பே துண்டிக்கப்பட்டதன் அடையாளங்கள் அதில் இருந்தன. தானாகச் செலுத்தும் கருவி நின்றது. பின்னர் விமானத்தை நிலைநிறுத்த அவர்களால் இயலவில்லை. ஆதலால் விரிசல் ஒன்றே காரணம் என்பதும் பிழையாகும்.

இத்தகைய விரிசலை எங்ஙனம் காண்பது? 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்-கதிர், ஈயத்தினுள் தங்கிய காற்றுக்குமிழிகளை நன்கு காட்டும். நூலிழை விரிசல் அதற்கும் தப்புவதுண்டு. பலகைத் துண்டைப் பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். ஆனால் பலகை அழிந்துபோகும். சில்லின் அடியில் மறைந்த பற்றுகளில் சாயத்தை ஊறவிட்டு உலர்த்திச் சில்லைப் பெயர்ப்பதும் உண்டு. வெடித்த இடத்தில் சாயம் புகுந்திருக்கும். அழிக்காமல் பிடிக்க வேண்டுமாயின், பலகையை இயக்கியபடியே மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்து, மின்தடை ஒரு கணம் ஏறுகிறதா என்று காத்திருக்க வேண்டும். வானில் நிகழ்வதைத் தரையிலேயே நிகழ்த்திப் பார்க்கும் வழி அது.