தடுமாறும் பல்ஸ் மோட்டார்: ரீட் சுவிட்சும் ஹால் சென்சாரும்

என் மேசைமேல் இரண்டு பல்ஸ் மோட்டார்கள் இருக்கின்றன. இரண்டிலும் பழைய சிடி தட்டில் ஒட்டிய நான்கு காந்தங்கள், காரைக்காலில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மிச்சமான செப்புக் கம்பி, 12 வோல்ட் பேட்டரி. காந்தம் காயிலைத் தாண்டும் கணத்தில் மின்சாரம் பாய்ந்து அதைத் தள்ளிவிட வேண்டும். அந்தக் கணத்தைச் சொல்லும் உறுப்பு மட்டுமே வேறு: ஒன்றில் ரீட் சுவிட்ச், மற்றதில் ஹால் சென்சார். முதலில் இரண்டுமே சரியாக ஓடவில்லை. ஆனால் தடுமாறிய விதம் வேறு வேறு.

பொதுவான பழுதுகளை முதலில் ஒதுக்கிவிடலாம். கம்பி முனையில் எனாமலைச் சுரண்டாமல் பற்றவைத்தது, பேரிங்கில் இறுகிய கிரீஸ், காயிலின் இரு முனைகளை மாற்றிக் கொடுத்தது. இவை எந்த மோட்டாருக்கும் வரும். மிச்சமிருப்பது நேரம் தவறுவது. ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் அது நின்றுவிடும்; இங்கும் அதே கதைதான்.

ரீட் சுவிட்சை 1936இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கினார். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள். காந்தம் நெருங்கினால் ஒட்டும், விலகினால் பிரியும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் ‘டிக்’ என்று கேட்கும். என் மோட்டாரில் ஒரு காந்தத்துக்கு இரண்டு ‘டிக்’ கேட்டது. குழாயை ஓட்டத் திசையில் படுக்க வைத்ததுதான் காரணம்: ஒவ்வொரு முனையின் அருகிலும் ஒருமுறை மூடி, நடுவில் திறந்தது. முதல் அடி வரும் காந்தத்தை எதிர்த்தது. குழாயை அச்சுக்கு இணையாகத் திருப்பி, ஒரு முனை மட்டும் காந்தத்தைப் பார்க்க வைத்ததும் ஒரே ‘டிக்’. சக்கரம் சீராக ஓடியது.

ஹால் சென்சாரின் வேர் 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவு. மூன்று கால் வைத்த கறுப்புச் சில்லு. அசையும் பாகம் இல்லை, சத்தமும் இல்லை. நான் வாங்கியது ஏ3144. ரீட் எந்த முனைக்கும் மசியும். இதுவோ எழுத்துள்ள முகத்தில் தென்முனை வந்தால்தான் அசைந்து கொடுக்கும். என் காந்தங்கள் வடமுனையை வெளியே காட்டின. சில்லை முதுகுப் பக்கம் திருப்பினேன், வேலை செய்தது. ஆனால் காயில் தொட முடியாதபடி சுட்டது. காந்தம் வரும்போது சில்லின் வெளியீடு தாழும். காயிலை இயக்க நான் போட்டிருந்த என்.பி.என். டிரான்சிஸ்டர் அப்போது அணைந்து, மற்ற நேரமெல்லாம் மின்சாரம் விட்டது. பி.என்.பி. டிரான்சிஸ்டரும் ஒரு கிலோ ஓம் தடையும் போட்டு இணைப்பை மாற்றியதும் சரியானது. இந்தப் பழுதைக் காது சொல்லாது. வெளியீட்டில் ஒரு எல்.இ.டி. வைத்துத்தான் பார்க்க முடிந்தது.

காரைக்காலின் உப்புக் காற்றில் எது தாங்கும்? ரீட் தகடுகள் கண்ணாடிக்குள் மூடியிருப்பதால் காற்று தொடாது. அதன் எதிரி காயில்தான். மின்சாரம் அறும்போது காயில் திருப்பியடிக்கும் உயர் மின்னழுத்தம் பொறியாகி முனைகளை ஒட்டவைத்துவிடும். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போட்டால் பொறி அடங்கும். ஹால் சில்லுக்குப் பொறி இல்லை. ஆனால் அதன் கால்களில் உப்பும் ஈரமும் படிந்து களிம்பு ஏறும். காயில் கட்டும் கடையின் வார்னிஷை ஒரு சொட்டுப் பூசுவது நல்லது.

வேகத்தில் ஹாலே மேல். நான்கு காந்தங்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 200 துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி செகண்டு. அதில் கால் பங்கு நேரம்தான் மின்சாரம் என்றால் 1.25 மில்லி செகண்டு. தகடு மூடி, துள்ளி அடங்கவே ஒரு மில்லி செகண்டு வரை ஆகலாம். ரீட் மோட்டார் ஒரு வேகத்துக்கு மேல் ஏற மறுப்பது இதனால்தான். பேட்டரியைப் பெரிதாக்கிப் பயனில்லை.

நெடுநாள் ஓட ஹால். பழுது பார்க்கக் கற்க ரீட். முதல் மோட்டார் செய்யும் பிள்ளைகளிடம் ரீட் சுவிட்சையே கொடுப்பேன். தவற்றைக் காதால் கேட்டுக் கையால் திருத்தியவருக்கு, சத்தமில்லாத சில்லின் தவறு எங்கே இருக்கும் என்று தேடத் தெரியும்.