சிப்லா நிறுவிய டாக்டர் காஜா அப்துல் ஹமீது

நம் சமுதாயத்து வணிகப் பெருமக்களைப் பற்றி எழுதுவோர் தோலையும் மணிக்கல்லையும் மரக்கலத்தையும் மறவாது குறிப்பிடுவர். மருந்தாலை நிறுவிய டாக்டர் காஜா அப்துல் ஹமீதை ஏனோ அவர்கள் அதிகம் நினைப்பதில்லை.

அன்னார் 1898ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் அலிகாரில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கம் மூண்ட 1920இல், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேனுடன் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் பெர்லின் சென்று இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். (அரபுலகம் 'அல்கீமியா' எனப் போற்றி வளர்த்த கலையை ஒரு காஜா ஜெர்மனியில் கற்க நேர்ந்ததும் காலத்தின் கோலமே!) லித்துவேனியாவைச் சேர்ந்த யூதப் பெண்மணி லூபாவை மணந்தார்.

1935இல் பம்பாயில், இரண்டு இலட்ச ரூபாய் மூலதனத்துடன் சிப்லா பதிவாயிற்று. 1937இல் அதன் மருந்துகள் விற்பனைக்கு வந்தன. 1939 ஜூலை 4இல் காந்தியடிகள் ஆலைக்கு வருகை தந்தார். அடுத்த இரு திங்களில் உலகப்போர் மூண்டது. ஜெர்மன் மருந்து வரத்து நின்றது. உள்நாட்டு ஆலையின் அருமை அப்போதுதான் பலருக்கும் விளங்கிற்று.

ஆயினும் ஆலை இருந்தால் மட்டும் போதுமா? 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றது. ஒரு மருந்துக்கு அயல்நாட்டுக் கம்பெனி உரிமை பெற்றுவிட்டால், பிறர் வேறு செய்முறையால் அதனை ஆக்குவதற்கும் வழியில்லை. விலையை அக்கம்பெனியே விதிக்கும். இதனை மாற்ற வேண்டுமென வாதிட்டோருள் ஹமீதும் ஒருவர். அவர் ஒருவரே சட்டத்தை மாற்றினார் எனச் சிலர் புகழ்வது மிகை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையே அதற்கு அடிப்படை. மருந்துக்கன்று, செய்முறைக்கு மட்டுமே உரிமை என்னும் புதிய சட்டம் 1970இல் இயற்றப்பெற்று, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் அன்னார் மறைந்தார்.

பலன் மகனார் யூசுப் ஹமீதின் காலத்தில் விளைந்தது. எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஓராண்டு மருந்து 10,000 டாலருக்கு மேல் விற்ற நிலையில், 2001இல் சிப்லா அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேனாட்டுக் கம்பெனிகள் சில அதனைத் திருட்டு என்றன. அன்று நடப்பிலிருந்த இந்தியச் சட்டப்படி அது திருட்டன்று. 2005இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, மருந்துக்கே உரிமை தரும் முறை திரும்பி வந்தது.