பதிவேட்டிலிருந்து வேலி வரை: நியூயார்க் நகரச் சொத்து வரைபடங்கள் பொதுவில் வந்த வரலாறு

நியூயார்க் நகரில் ஒரு மனை யாருடையது என்ற தகவல் என்றைக்கும் ரகசியமாக இருந்ததில்லை. கிரயப் பத்திரமோ அடமானமோ பதிவாளரிடம் பதிவான நாளிலிருந்தே அது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் அலுவலகத்துக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கலாம். அப்படியிருந்தும், தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் காலி மனையின் சொந்தக்காரர் யார் என்பதைப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் வீட்டிலிருந்தபடியே, பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளும் நிலை 21ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பார்க்கும் உரிமை முதலில் வந்தது. பார்க்கும் வழி மிகத் தாமதமாக வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்ட இந்த இடைவெளி எப்படி அடைபட்டது, யார் அடைத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். பதிவேட்டின் பொதுத்தன்மை அதன் அட்டவணையில்தான் இருக்கிறது என்பது என் வாதம். எந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் கிடைக்கும் என்பதை அட்டவணையே தீர்மானிக்கிறது.

பெயரைவிட்டு இடத்துக்கு

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நியூயார்க்கின் நிலப் பதிவேடுகள் ஆள் பெயர்களைக் கொண்டே அட்டவணைப்படுத்தப்பட்டன. விற்றவர் பெயருக்கு ஒரு வரிசை, வாங்கியவர் பெயருக்கு இன்னொரு வரிசை. மனையை மட்டும் தெரிந்தவருக்கு அந்தப் புத்தகங்களால் பயனில்லை. சொந்தக்காரர் பெயரை அறிய முதலில் சொந்தக்காரர் பெயர் தெரிந்திருக்க வேண்டும். நகரம் பெருத்து, ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் நிலம் வாங்கி விற்ற காலத்தில், ஒரு மனையின் உரிமைத் தொடரைத் தேடுவது வாரக்கணக்கான வேலையாயிற்று. சொத்துரிமையைச் சரிபார்த்துக் காப்பீடு தரும் நிறுவனங்கள் பதிவேடுகளைப் படியெடுத்து, இடவாரியாகத் தமக்கென அட்டவணை தயாரித்துக்கொண்டன. மூல ஆவணம் பொதுவில் இருந்தது. அதைத் தேட உதவும் திறவுகோல் தனியார் பெட்டகத்தில் இருந்தது. இந்த ஏற்பாடு பிற்காலத்திலும் வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்போம்.

வழக்கறிஞர் டுவைட் ஓல்ம்ஸ்டெட் போன்றோர் இதை மாற்றப் பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பயனாக 1889இல் சட்டம் வந்து, 1891 முதல் நியூயார்க் கவுண்டியின் பதிவுகள் தெருக்களால் சூழப்பட்ட ‘பிளாக்’ வாரியாக அட்டவணைப்படுத்தப்பட்டன. இன்றைய எந்த இணைய வரைபடத்துக்கும் அடித்தளம் இந்தச் சீர்திருத்தம்தான் என்பேன். நகரின் ஒவ்வொரு மனைக்கும் இன்று பத்து இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இலக்கம் பரோ எனப்படும் நகரப் பிரிவைக் குறிக்கும்: மன்ஹாட்டன் 1, பிராங்க்ஸ் 2, புரூக்ளின் 3, குயின்ஸ் 4, ஸ்டேட்டன் ஐலண்ட் 5. அடுத்த ஐந்து இலக்கம் பிளாக், கடைசி நான்கு மனை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் எண் 1008350041. அதாவது மன்ஹாட்டனில் 835ஆம் பிளாக், 41ஆம் மனை. நம் ஊர்ச் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. வரித் துறை, கட்டட அனுமதித் துறை, பதிவாளர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்திருக்கும் ஏடுகளை ஒன்றோடொன்று கோக்கும் நூல் இந்த எண்.

அந்த எண்களைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுவோருக்கு ஓர் அரிய சான்று இருக்கிறது. 1939க்கும் 1941க்கும் இடையே, பொருளாதார மந்த கால வேலைத் திட்டத்தின் துணையோடு, நகர வரித் துறை கட்டடம் கட்டடமாகப் படம் எடுத்தது. மொத்தம் 7 லட்சத்துக்கும் மேல். படத்தின் ஓரத்தில் ஒரு பலகை நிற்கும். அதில் பிளாக் எண்ணும் மனை எண்ணும் எழுத்துக் கோத்து வைத்திருப்பார்கள். சில படங்களில் பலகையைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஆளின் கையோ தொப்பியோகூடத் தெரியும். வரி மதிப்பீட்டுக்காக எடுத்த இந்தப் படங்களை நகர ஆவணக் காப்பகம் 2018இல் இணையத்தில் ஏற்றியது. பாட்டன் காலத்து வீட்டைத் தேடும் பேரப்பிள்ளைகள் இப்போது அந்த எண்ணைக் கொண்டுதான் தேடுகிறார்கள்.

கலைக்கூடத்தில் நுழைய முடியாத ஆவணம்

1971இல் ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே மன்ஹாட்டனின் பொதுப் பதிவேடுகளைப் புரட்டி, ஒரே குடும்பமும் அதன் கூட்டாளிகளும் பல நிறுவனப் பெயர்களில் வைத்திருந்த கட்டடங்களைக் கண்டெடுத்தார். பெரும்பாலானவை லோயர் ஈஸ்ட் சைடிலும் ஹார்லெமிலும் இருந்த வாடகைக் குடியிருப்புகள். 142 கட்டட முகப்புகளையும் காலி மனைகளையும் படமெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் முகவரி, பிளாக், மனை எண், உரிமையாளராகப் பதிவான நிறுவனம், அடமான விவரம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தார். கூடவே இரண்டு வரைபடங்கள், நிறுவனங்களுக்கிடையே சொத்து எப்படிக் கைமாறியது என்று காட்டும் விளக்கப் படங்கள். இந்தப் படைப்பு இடம்பெறவிருந்த ஹாக்கேவின் கண்காட்சியையே குகன்ஹைம் அருங்காட்சியகம் ரத்து செய்தது. ஹாக்கேவுக்கு ஆதரவாக நின்ற பொறுப்பாளர் எட்வர்ட் ஃப்ரை வேலையை இழந்தார்.

ஹாக்கே ரகசியம் எதையும் வெளியிடவில்லை. ஒவ்வொரு தாளும் கவுண்டி அலுவலகத்தில் எவரும் கேட்டு வாங்கக்கூடியது. தனித்தனியாகக் கிடந்தவரை யாரையும் உறுத்தாத தாள்கள், ஒரே சுவரில் வரிசையாக மாட்டப்படவிருந்தபோது தாங்க முடியாதவையாகிவிட்டன. சொத்து வரைபடங்களின் வரலாற்றை எழுதுவோர் கணினித் துறையில் தொடங்குவதே வழக்கம். அந்த வரலாற்றின் சரியான தொடக்கங்களில் ஒன்று இந்தக் கலைப்படைப்பு என்று கருதுகிறேன்.

ஏலத்துக்கு வந்த தோட்டங்கள்

1975இன் நிதி நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில், வரி கட்டாமல் உரிமையாளர்கள் கைவிட்ட ஆயிரக்கணக்கான கட்டடங்களும் மனைகளும் நகரத்தின் கைக்கு வந்தன. வரி பாக்கிக்காகச் சொத்தை எடுத்துக்கொள்ளும் காலக்கெடுவை மூன்று ஆண்டிலிருந்து ஓர் ஆண்டாகக் குறைத்து 1976இல் நகரச் சட்டம் திருத்தப்பட்டதும் இதற்குக் காரணம். எரிந்தும் இடிந்தும் போன இடங்களில் குப்பை சேர்ந்தது. அவற்றில் பலவற்றை அக்கம்பக்கத்தார் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். 1973இல் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் தொடங்கியது இவற்றில் முன்னோடி. அடுத்த ஆண்டு நகரம் அந்த மனையை மாதம் ஒரு டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. 1978இல் கிரீன் தம்ப் என்ற நகரத் திட்டம் இத்தகைய தோட்டங்களுக்கென்றே உருவானது.

குத்தகை தற்காலிகமானது. நிலத்தின் விலை ஏறியதும் அது தெரிந்தது. மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் 1999 மே மாதம் 114 தோட்டங்களை ஏலத்தில் விட நாள் குறித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஏலத்துக்கு முந்தின நாள், டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பும் நடிகை பெட் மிட்லர் தொடங்கிய நியூயார்க் ரெஸ்டோரேஷன் பிராஜெக்டும் சேர்ந்து சுமார் 42 லட்சம் டாலருக்கு அவற்றை வாங்கிக் காப்பாற்றின.

அந்தப் போராட்டம் ஒரு குறையை அம்பலப்படுத்தியது. எத்தனை தோட்டங்கள், எந்தெந்த மனைகளில், எந்தத் துறையின் கையில் என்பதை ஒரே இடத்தில் காட்டும் ஏடு தோட்டக்காரர்களிடம் இல்லை. அந்த நெருக்கடியின் சூட்டிலேயே ஓயாசிஸ் என்ற இணைய வரைபடத் திட்டம் பிறந்தது. பொதுநல அமைப்பான நைபர்க்கின் சமூக வரைபடப் பிரிவு, ஸ்டீவன் ரோமலெவ்ஸ்கியின் தலைமையில், பல அமைப்புகளோடு கைகோத்து 2000களின் தொடக்கத்தில் அதை உருவாக்கியது. பிறகு அது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் நகர்ப்புற ஆய்வு மையத்துக்கு இடம்பெயர்ந்தது. பூங்கா, தோட்டம், காலி மனை, நில உரிமை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் வசதி சாதாரண மக்களுக்கு இலவசமாகக் கிடைத்தது அங்கேதான். ஏறக்குறைய அதே காலத்தில் நகர நிதித் துறை 1966க்குப் பிந்தைய பத்திரங்களின் நகல்களை அக்ரிஸ் என்ற தளத்தில் ஏற்றியது. ஸ்டேட்டன் ஐலண்ட் மட்டும் அதில் சேரவில்லை. அங்கே கவுண்டி அலுவலகம் தனியே பதிவை நடத்துகிறது.

தரவின் விலை

நகரத் திட்டமிடல் துறையிடம் ப்ளூட்டோ என்ற தரவுத் தொகுப்பு இருக்கிறது. சுமார் 8.5 லட்சம் மனைகள். ஒவ்வொன்றுக்கும் பரப்பு, கட்டிய ஆண்டு, மாடிகள், நிலப் பயன்பாடு, வரி மதிப்பு, உரிமையாளர் பெயர் என்று பல டஜன் புலங்கள். மக்களின் வரிப்பணத்தில் தயாரான இந்தத் தொகுப்பை 2013 வரை துறை விலைக்கு விற்றது. வாங்கியவர் அதைப் பிறருக்கு அப்படியே தரக் கூடாது என்று உரிம ஒப்பந்தம் கட்டிப்போட்டது. நில வணிகருக்கு அந்தத் தொகை பெரிதில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கும் மாணவருக்கும் அது பெரிய தடை.

இது நியூயார்க்கின் தனிக் கதை இல்லை. கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுண்டியும் ஆரஞ்சு கவுண்டியும் தங்கள் மனை வரைபடக் கோப்புகளுக்கு லட்சக்கணக்கான டாலர் கேட்டு நீதிமன்றம் வரை போயின. ஆரஞ்சு கவுண்டிக்கு எதிராகச் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், அந்தக் கோப்பு பொது ஆவணமே, நகலெடுக்கும் செலவை மட்டுமே வசூலிக்கலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் தீர்ப்பளித்தது. நியூயார்க்கில் 2012இன் திறந்த தரவுச் சட்டத்துக்கும் பல ஆண்டு முறையீடுகளுக்கும் பிறகு, அதே 2013இல் ப்ளூட்டோ இலவசமானது. 19ஆம் நூற்றாண்டில் காப்பீட்டு நிறுவனங்களின் பெட்டகத்தில் இருந்த திறவுகோல் இம்முறை அரசின் பெட்டகத்திலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கம்பி வேலியில் ஓர் அறிவிப்பு

2011இல் வழக்கறிஞர் பாலா சீகல் தொடங்கிய ‘596 ஏக்கர்ஸ்’ அமைப்பின் பெயரே ஒரு கணக்கு: நகரத்தின் சொந்தத் தரவின்படி புரூக்ளினில் காலியாகக் கிடந்த பொது நிலத்தின் பரப்பு. முதலில் அவர்கள் ஒரு வரைபடத்தை அச்சடித்து அக்கம்பக்கத்தில் வினியோகித்தார்கள். பிறகு காலி மனைகளின் கம்பி வேலிகளில் அறிவிப்புகளைக் கட்டினார்கள். இந்த நிலம் பொது நிலம், பிளாக் எண் இது, மனை எண் இது, பொறுப்பான துறை இது, பேச வேண்டிய தொலைபேசி எண் இது. தினமும் அந்த வேலியைக் கடந்து போகிறவர், பதிவேட்டின் ஒரு வரியைத் தெருவில் நின்று படித்தார். லிவிங் லாட்ஸ் என்ற அவர்களது இணைய வரைபடம், ஒரு மனையைப் பற்றிக் கவலைப்படும் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும் வழி செய்தது. பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் பகுதியில் ஹால்சி தெரு 462ஆம் எண் மனை 2012இல் தோட்டமானது இப்படித்தான்.

இந்த முயற்சியின் மிகப் பெரிய அறிவுப் பயன், தரவின் பிழையைத் தெருவுக்குப் போய்ப் பார்த்துத் திருத்தியது. ப்ளூட்டோவில் நிலப் பயன்பாட்டுக் குறியீடு 11 என்றால் காலி மனை. வரி மதிப்பிடுபவரின் கண்ணுக்குக் கட்டடம் இல்லாத நிலம் பெரும்பாலும் 11தான். முப்பது ஆண்டாகத் தக்காளியும் முலாம்பழமும் விளைந்த தோட்டங்கள் அதே குறியீட்டில் கிடந்தன. அந்தத் தரவை அப்படியே வண்ணம் தீட்டிக் காட்டும் வரைபடம், தோட்டத்தைக் கட்டடக்காரருக்கு விருந்தாகப் பரிமாறிவிடும். வெளிப்படைத்தன்மை தன்னளவிலேயே நன்மை தரும் என்று நம்புவோர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். வரி வசூலிக்கப் பிறந்த ஏடு வரிக்குத் தேவையானதை மட்டுமே பார்க்கும். மற்றதைச் சேர்க்க ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

596 ஏக்கர்ஸ் 2018இல் பணிகளை முடித்துக்கொண்டது. டெட்ராய்ட்டில் நடந்தது வேறு வகை. அங்கே லவ்லேண்ட் நிறுவனம் வரி பாக்கி ஏலத்துக்கு வரும் வீடுகளை வரைபடத்தில் இலவசமாகக் காட்டத் தொடங்கி, 2013–14 குளிர்காலத்தில் நகரின் சுமார் 3.8 லட்சம் மனைகளையும் தெருத்தெருவாகப் படமெடுத்துப் பதிவு செய்யும் பணிக்குத் தொழில்நுட்பம் தந்தது. இன்று ரீகிரிட் என்ற பெயரில் நாடு முழுவதற்குமான மனைத் தரவை விற்கிறது. தன்னார்வ அமைப்பு மூடினாலும், நிறுவனம் வணிகமானாலும் பொது வரைபடம் நிற்க வேண்டும். பதிவேட்டைப் பராமரிப்பது அரசின் கடமை என்றால், அதைத் தேடும் வரைபடத்தையும் அதே கடமையில் சேர்ப்பதே நியாயம்.

பெயர் மறைந்த இடம்

மனை திரையில் தெளிவான அதே காலத்தில் சொந்தக்காரர் மங்கினார். 1994இல் நியூயார்க் மாநிலம் எல்எல்சி எனப்படும் வரையறுத்த பொறுப்புடைய நிறுவனங்களை அனுமதித்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு எல்எல்சி என்ற வழக்கம் பரவியதும், ப்ளூட்டோவின் உரிமையாளர் புலத்தில் தெரு முகவரியையே பெயராகக் கொண்ட நிறுவனங்கள் நிரம்பின. வாடகைதாரர்களுக்காக இயங்கும் ஜஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு இதற்கு ஒரு சுற்றுவழி கண்டது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள கட்டடங்களை ஆண்டுதோறும் நகர வீட்டுவசதித் துறையில் பதிவு செய்ய வேண்டும். அதில் பொறுப்பான ஆளின் பெயரும் அலுவலக முகவரியும் இருக்கும். ஒரே முகவரியில் பதிவான கட்டடங்களைக் கோத்து, ‘ஹூ ஓன்ஸ் வாட்’ என்ற அதன் இலவசக் கருவி ஒரு வீட்டுக்காரரின் மொத்தச் சொத்தையும் வரைபடத்தில் விரிக்கிறது. ஹாக்கே கையால் செய்த வேலையை, இப்போது ஒழுகும் கூரையின் கீழ் இருக்கும் எந்தக் குடித்தனக்காரரும் தன் முகவரியை உள்ளிட்டுச் செய்கிறார். அதே ஆளின் வேறு கட்டடங்களில் குடியிருப்போரைத் தேடிப்பிடித்து ஒன்றாக வழக்கு போடவும் அது உதவுகிறது.

2023 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் கையெழுத்திட்ட எல்எல்சி வெளிப்படைத்தன்மைச் சட்டம், உண்மையான பயனாளிகளின் பெயரை மாநிலத்திடம் தெரிவிக்கச் சொன்னது. சட்டமன்றம் முதலில் நிறைவேற்றிய வடிவத்தில் அந்தப் பெயர்கள் பொதுமக்கள் தேடக்கூடிய தரவுத்தளத்தில் வர வேண்டியிருந்தது. கையெழுத்தோடு ஒப்புக்கொண்ட திருத்தத்தில் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. தெரிவிக்கப்படும் பெயர்கள் அரசிடம் தங்கும், பொதுமக்கள் பார்வைக்கு வரா.