பாறையின் வெடிப்பும் கிணற்றின் நீரும்

தொண்டைமானாறு என்பது பெயரளவில்தான் ஆறு. வடமராட்சிக் கடல்நீரேரியைக் கடலோடு இணைக்கும் உவர்நீர்க் கழி அது. கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்வதற்காக அதனை வெட்டுவித்தான் என்பது செவிவழி மரபு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், உவர்நீரைத் தடுத்து நன்னீரைத் தேக்கும் பொருட்டு அதன் முகத்தில் அணையொன்று கட்டப்பெற்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் அம்முயற்சியின் அருமையை விளக்க வேண்டுவதில்லை. இங்கே மாரி மழை மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கனமான கடல்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கிறது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கும் கைகள் அதனை நம்பியே உழைக்கின்றன.

ஆகவே, பாறையின் வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே செல்கிறது என்பது இம்மக்களுக்குக் குடிநீர்ப் பிரச்சினை. அதனை அறியும் கருவி எவ்வாறு பிறந்தது, யார் கைக்குச் சென்றது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1897 ஜூன் 12 அன்று அசாமைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஓல்ட்ஹாம், அதன் பதிவுகளை ஆராய்ந்து, மூவகை அதிர்வலைகள் வெவ்வேறு வேகத்தில் வருவதைப் பிரித்துக் காட்டினார். முதலிரு அலைகளும் வந்துசேரும் நேர இடைவெளியைக் கொண்டு அதிர்வு பிறந்த தொலைவைக் கணிக்கலாம். மக்களின் துயரத்திலிருந்து கற்ற இப்பாடம் விரைவில் எண்ணெய்க் கம்பனிகளுக்குப் பயன்பட்டது. 1920களில் வெடிவைத்து, தெறித்துவரும் அலைகளைக் கொண்டு எண்ணெய் தேடினர். 1949இல் அமெரிக்காவில், உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பாறையைப் பிளக்கும் முறை வணிகத்துக்கு வந்தது. 1970களில் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் நிகழ்ந்த புவிவெப்ப ஆய்வில், பிளவுறும் பாறை எழுப்பும் நுண்ணதிர்வுகளை ஆழ்துளைக்குள் இறக்கிய கருவிகளால் பதிந்தனர். பிறந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்தால் பிளவு பரவிய திசையும் நீளமும் தெரியும். ஆயினும் அப்புள்ளிகள் பாறை முறிந்த இடத்தையே காட்டும். திரவம் சென்ற வழி முழுவதையும் காட்டமாட்டா.

அதிர்வலைகள் நமது வடபுலத்தையும் தொட்டன. 1967-68இல் பிரெஞ்சு நிறுவனமும், 1970களில் சோவியத் நிபுணரும் இங்கே எண்ணெய்க்காக அளவீடு நடத்தினர். 1974இல் மன்னார்ப் பேசாலையில் இரண்டரைக் கிலோமீற்றர் ஆழம்வரை துளையிடப்பட்டது. 1981இல் வடகடலில் பெட்ரோ-1 என்னும் கிணறு தோண்டப்பட்டது. வணிகத்துக்கேற்ற எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இல் மன்னார்க் கடலடியில் எரிவாயு கண்டறியப்பட்டது.

எண்ணெய்க்காக இத்துணை ஆழம் நோக்கிய கண், கிணற்றடி நீருக்காகவும் திறத்தல் வேண்டாமா? சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்து அயற்கிணறுகளைக் கெடுத்தது. 2019இல் நாட்டின் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வேலியும் காணி உறுதியும் பாறை வெடிப்பில் ஓடும் நீரைக் கட்டுப்படுத்தமாட்டா.

ஆழமற்ற சுண்ணாம்புக்கல்லை ஆராயக் கோடிகள் தேவையில்லை. இரும்புத் தகட்டின்மேல் சம்மட்டியால் ஓங்கி அடித்து, எழும் அலையை வரிசையாக ஊன்றிய கருவிகளில் பதியலாம். திண்ணிய பாறையில் அலை விரையும். வெடித்த பாறையில் தாமதிக்கும். ஆசிரியரும் மாணவரும் கற்றுச் செய்யக்கூடிய பணி இது. அவ்வாறு வரையப்படும் நிலப்படம் கம்பனியின் பெட்டகத்தில் உறங்காமல், கிணற்றுக்குச் சொந்தக்காரர்களான உழைக்கும் மக்களின் பார்வைக்கு வருதல் வேண்டும். அணை கட்டிய தலைமுறைக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.