மலைக்கோட்டை எரிமலையா?

“இது செத்துப்போன எரிமலைடா. வாய் மூடிக்கிச்சு, அதான் உச்சியில பிள்ளையார் உக்காந்திருக்காரு.” ஏழாவது படிக்கும்போது, மலைக்கோட்டைப் படியில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் மாமா சொன்னது. வெளியூரிலிருந்து வந்த நண்பர்களிடம் நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாறையைக் கிட்டத்தில் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. எரிமலைக் குழம்பு வெளியே வழிந்தால் சீக்கிரம் ஆறிவிடும், படிகங்கள் வளர நேரமிருக்காது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்து உறைந்த பசால்ட் பாறையை உடைத்தால் மணிகளைப் பிரித்தறிவதே கஷ்டம். மலைக்கோட்டையிலோ வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பொறுமையாக வளர்ந்தவை அவை. தென் தமிழகத்து அடித்தளப் பாறைகளில் பெரும்பகுதி, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது அந்த ஆழத்தில் வெந்து அழுந்தியது. இமயமலை எழத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன.

மாமாவை மட்டும் குறை சொல்ல முடியாது. இலங்கையின் சிகிரியாவையும் எரிமலையின் அடைப்பு என்றே பலர் சொல்வார்கள், அதுவும் அப்படியில்லை. எடின்பரோ கோட்டை நிற்கும் குன்று மட்டும் நிஜமாகவே பழைய எரிமலையின் தொண்டையில் உறைந்த குழம்பு. பிறப்பு வேறாக இருந்தும் மூன்றும் ஒரே மாதிரி தெரியக் காரணம் அரிப்பு. சுற்றியிருந்த மென்மையான பாறையை மழையும் வெயிலும் ஓடைகளும் கரைத்துக்கொண்டு போயின. விரிசல் குறைவான இடத்தில் தண்ணீர் நுழைய வழியில்லை, அந்த இடம் மட்டும் நின்றுவிட்டது. ஆக, சுமார் 83 மீட்டர் உயரமுள்ள நம்ம மலை மேலே எழும்பவில்லை. சுற்றியிருந்த தரைதான் கீழே போயிருக்கிறது.

உச்சியிலிருந்து வடக்கே பார்த்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம். அது ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும். இங்கே ஆற்றால் எடுத்துப்போக முடியாதது நிற்கிறது, அங்கே எடுத்துவந்தது கிடக்கிறது. விபீஷணன் சுமந்துவந்த ரங்கநாதரை ஆற்றுத் திட்டில் இறக்கிவைத்த சிறுவன் ஓடிப்போய் இந்த உச்சியில் உட்கார்ந்தான் என்கிறது ஊர்க்கதை. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த மேல் குகையின் கல்வெட்டும் காவிரியைப் பேசுகிறது. மலையையும் ஆற்றையும் நம்ம ஆட்கள் எப்போதும் சேர்த்தேதான் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது பிரித்துப் பார்ப்பது நாம்தான். மலையை பத்திரமாக வைத்துக்கொள்கிறோம், மணலை லாரியில் ஏற்றுகிறோம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928இல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அன்று கரையில் நின்றிருந்த கூட்டத்தில் மணல் அள்ளுவதைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு.

போன மாதம் இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். “அப்ப வெடிக்காதுங்கிற?”

“வெடிக்காது மாமா.”

“மலைய விடு. ஆத்துல மண்ணு இருக்கான்னு பாரு.”