மணமில்லாத வாயுவைத் தேடிய கதை

போன கோடையில் மாமா தன் காருக்கு மூன்றாவது வருடமாகக் "கேஸ்" போட்டார். போட்டதெல்லாம் எங்கே போகிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். "கார் ஏசின்னா அப்படித்தான் தம்பி, கொஞ்சம் கொஞ்சமா குறையும்" என்றார். அந்தப் பதில் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் படித்தபோது, அதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது.

மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. வீட்டு ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் பற்றவைத்து மூடப்பட்டிருக்கும். சாதாரணக் காரிலோ கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். அதனால் அதன் அச்சு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு சீல்தான் காவல். எஞ்சின் அதிர்வதால் ரப்பர் ஹோஸ் வேண்டும், ஒவ்வொரு மூட்டிலும் ஓ-ரிங் வேண்டும். கசிய இத்தனை வழிகள்!

கார் ஏசி வருவதற்கு முன் குளிர்சாதனங்களில் இருந்தவை பெரும்பாலும் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற நச்சு வாயுக்கள். கசிந்தால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். சரியான இடம் தெரிய, கந்தகக் குச்சியைக் கொளுத்தி அம்மோனியாக் குழாய் ஓரமாகக் கொண்டுபோவார்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும்.

பிறகு வந்தது ஃபிரியான். 1930 ஏப்ரலில் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் தாமஸ் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்பதற்கு அதுவே நிரூபணம். ஆனால் கிட்டத்தட்ட மணமும் இல்லை! ஆபத்து போனதோடு எச்சரிக்கையும் போய்விட்டது.

1939இல் பேக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாடல்களுக்கு ஏசியை அறிவித்தது. (அதை நிறுத்த வேண்டுமானால் இறங்கி பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்!) அதில் இருந்த வாயு ஃபிரியான் வகையான ஆர்-12. 1960களின் இறுதிக்குள் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பாதியில் ஏசி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கிலோவுக்கு மேல் வாயு.

இந்த வாயுவைத் தேட மெக்கானிக்குகள் கையில் இருந்தது ஹாலைடு டார்ச். சின்ன கேஸ் அடுப்பு போன்ற ஒரு விளக்கு, சுடருக்குள் ஒரு செம்புத் தகடு, காற்றை உறிஞ்ச ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியை மூட்டு மூட்டாகக் கொண்டுபோக வேண்டும். வாயுவிலுள்ள குளோரின் சூடான செம்பைத் தொட்டால் சுடர் பச்சையாகும். கசிவு பெரிதானால் நீலப்பச்சை. அழகான யோசனைதான்! ஆனால் தீயில் சிதைந்த ஆர்-12 அமிலப் புகையைத் தரும். சிறிதளவு ஃபாஸ்ஜீனும் உருவாகலாம். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு.

சுடருக்கு எட்டாத நுண்ணிய கசிவுகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குறைந்தால் நிரப்பிக்கொள்ளலாம், யாருக்கு என்ன கெடுதல்? கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைக் கலைத்தது வேறொரு கருவி. ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் உருவாக்கிய எலக்ட்ரான் கவர் உணரியை 1971இல் 'ஷேக்கிள்டன்' கப்பலில் ஏற்றி அண்டார்க்டிகா வரை கொண்டுபோனார். வழிநெடுக, நடுக்கடல் காற்றில்கூட ஆர்-11 இருந்தது. லட்சம் கோடியில் சில பத்துப் பங்குகள்தான். ஆனால் இல்லாத இடமே இல்லை! அது ஸ்ப்ரே டப்பாக்களின் வாயு. காரின் ஆர்-12 அதற்கு உடன்பிறப்பு. ஆபத்து ஒன்றுமில்லை என்றே லவ்லாக்கும் அப்போது நினைத்தார்.

நினைக்காதவர் ஷெர்வுட் ரோலண்ட். போனதெல்லாம் அப்படியே காற்றில் இருக்கிறதென்றால், கடைசியில் அது என்னவாகும் என்று கேட்டார். 1974இல் அவரும் மரியோ மொலினாவும் பதில் சொன்னார்கள்: வளிமண்டலத்தின் மேலடுக்கில் புற ஊதாக் கதிரில் உடைந்து, வெளிவரும் குளோரின் ஓசோனை அழிக்கும். 1985இல் அண்டார்க்டிகா மேல் ஓசோன் ஓட்டை பற்றிய அறிவிப்பு வந்தது. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். காரிலிருந்து கசிந்த ஆர்-12 காற்றில் சுமார் நூறு ஆண்டுகள் நிற்கும். அந்த 1960களின் கார்கள் பழைய இரும்பாகிவிட்டன, அவற்றின் வாயு இன்னும் நம் தலைக்கு மேல் சுற்றுகிறது.

1990களில் புதுக் கார்கள் ஆர்-134ஏ வாயுவுக்கு மாறின. இதில் குளோரின் இல்லை, ஓசோனுக்கு நல்லது. ஆனால் குளோரின் இல்லாததால் ஹாலைடு டார்ச்சில் சுடரின் நிறம் மாறவில்லை! பல ஆண்டுகள் பழகிய கருவி ஒரேயடியாகக் குருடாகிப் போனது. அதன் இடத்தை எலக்ட்ரானிக் உணரிகளும், கம்ப்ரசர் எண்ணெயோடு கலந்து ஓடி, கசியும் இடத்தில் புற ஊதா விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும் சாயமும் பிடித்தன.

ஆர்-134ஏவும் குற்றமற்றதல்ல. பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் போட்ட சட்டம், அத்தகைய வாயு உள்ள புதுக் கார்களின் கசிவுக்கு வருடத்துக்கு 40 கிராம் என்று வரம்பு வைத்தது (பின்னால் இன்னொரு குளிர்ப்பெட்டி இருந்தால் 60). இப்போதைய நல்ல உணரி, வருடத்துக்கு 4 கிராம் வீதம் போகும் கசிவையே காட்டிவிடும்.

இதைப் படித்த பிறகு மாமாவை விடவில்லை. வேறொரு பட்டறையில் சாயம் ஏற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு, நீல விளக்கடித்துப் பார்த்தார்கள். கண்டென்சர் மூட்டில் பளிச்சென்று பச்சை. சுண்டு விரல் மோதிரம் அளவுக்கு ஓர் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது.