திருத்தணி – எல்லையில் நிற்கும் மலை

முன்னுரை

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் வழியில், சுமார் 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் திருத்தணி. முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் இந்த ஊர் ஆறரை ஆண்டுகள் ஆந்திர எல்லைக்குள் இருந்தது என்பது இன்றைய மாணவர் பலருக்குத் தெரியாது. மலை ஏறி, மொட்டை அடித்து, பேருந்து பிடித்துத் திரும்பிவிடும் ஊரா இது? இல்லை. இதன் வரலாற்றையும் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களையும் இங்கே காணலாம்.

பெயர்க்காரணம்

சூரபத்மனோடு போர் முடித்து, சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் கந்த சஷ்டியன்று சூரசம்ஹாரம் நடக்கும்போது, இங்கே மட்டும் புஷ்பாஞ்சலி நடக்கிறது. சண்டை ஓய்ந்த ஊரில் சண்டை எதற்கு!

கல்வெட்டும் பாட்டும்

ஊரின் பழமையைக் காண மலைக்கு மேலே போக வேண்டியதில்லை. கீழே, நந்தியாற்றின் அருகே வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கட்டிய சிறிய கற்றளி இது. யானையின் பின்புறம் போன்ற வடிவில் விமானம் அமைந்திருப்பதால் இதைத் தூங்கானை மாடம் என்பர். கோயில் கட்டியவரைப் பாராட்டி மன்னனே இயற்றிய வெண்பா இங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. மலைக்கு வரும் கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

அருணகிரிநாதர் இத்தலத்தின் மீது திருப்புகழ் பாடியுள்ளார். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இங்குதான் பாடினார் என்பது மரபு. முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதாகக் கதை சொல்வார்கள். ‘குருகுஹ’ என்ற முத்திரையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

எல்லைப் போராட்டம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. எல்லாம் ஒரே சென்னை மாகாணமாக இருந்தவரை இதனால் யாருக்கும் சிக்கல் இல்லை. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் அப்படியே அங்கே போனது. திருத்தணியும் கூடவே போனது.

ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த ஆசிரியர் மங்கலங்கிழாரும், தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானமும் வடக்கெல்லையை மீட்கப் போராடினார்கள். மறியல், கைது, சிறை என்று போராட்டம் தொடர்ந்தது. சிறை சென்றவர்களில் உயிர் இழந்தவர்களும் உண்டு. திருப்பதியும் வேண்டும் என்பதே அவர்களின் முழுக் கோரிக்கை. அது கிடைக்கவில்லை.

கடைசியில் படாஸ்கர் என்பவரின் பரிந்துரைப்படி 1959இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திராவுக்குச் சென்றன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே எந்தக் கோடு போட்டாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் தமிழர், இந்தப் பக்கம் கொஞ்சம் தெலுங்கர் இருக்கவே செய்வார்கள். பொதட்டூர்பேட்டையிலும் எல்லைக்கு அப்பால் நகரியிலும் ஓடுவது ஒரே விசைத்தறிச் சத்தம்தான். கடைத்தெருவில் தமிழில் பேரம் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவர் இங்கே அதிகம். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாநிலத்தவரும் காவடி எடுத்து வருகிறார்கள்.

1888 செப்டம்பர் 5 அன்று இவ்வூரில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். தெலுங்குக் குடும்பம், திருத்தணிப் பள்ளி, சென்னையில் கல்லூரி! அவர் குடியரசுத் துணைத் தலைவராக இருந்த காலத்திலேயே அவர் பிறந்த ஊர் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திராவுக்குப் போய், மீண்டும் சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது.

சுற்றிப் பார்க்க

மலைக்கு 365 படிகள், ஆண்டின் நாட்களைப் போல. வாகனச் சாலையும் உண்டு. ஆனால் விடியற்காலையில் படியேறுவதே சுகம். ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகளைக் காணச் செல்லும் வழக்கத்தை மாற்ற, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917இல் படித்திருவிழாவைத் தொடங்கினார். டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி ஏறுகிறார்கள்.

அடிவாரத்தில் சரவணப் பொய்கை இருக்கிறது. ஆடிக் கிருத்திகைத் தெப்பம் இங்குதான். வடக்கே நகரி மலைத்தொடரில் ஒரு சிகரம் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நகரி மூக்கு என்றே பெயர். அந்தக் காலத்தில் கடலில் வரும் மாலுமிகளுக்கு அது அடையாளமாம்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காடு, 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி ஏரி, எல்லைக்கு அப்பால் நாராயணவனம் அருகே கைலாசகோனா அருவி ஆகியவற்றையும் பார்க்கலாம். அருவிக்குச் செல்பவர்கள் மாற்றுத் துணி கொண்டுபோவது நல்லது.

முடிவுரை

கோயிலில் ஐராவத யானை கிழக்கு நோக்கி நிற்கிறது. தெய்வயானைக்குச் சீராக வந்த அந்த யானை, இந்திரலோகம் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பதாக ஐதீகம். புகுந்த இடத்தில் இருந்தாலும் பிறந்த இடத்தை மறக்காத யானை அது. கோட்டுக்கு அந்தப் பக்கம் உறவுகளை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வாழும் எல்லையூர் மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காது. அடுத்த முறை திருத்தணி செல்பவர்கள் தரிசனம் முடிந்ததும் வடக்கே திரும்பி ஐந்து நிமிடம் பார்க்கட்டும். அங்கே மலை தெரியும், வயல் தெரியும். 1960இல் போட்ட கோடு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.